நாளை வரை வலிக்க வேண்டிய கழுத்து

“தொடக்கூடாதுன்னு நீதானேக்கா சொன்ன?”

“தொடலடா. சும்மா பாக்கறேன்.”

“விரலை வெச்சா பாப்பாங்க?”

“எங்க படிப்புல அப்படித்தான் பாப்பாங்க. வாயை மூடிட்டு உக்காரு.”

வாயை மூடிக்கொண்டு உட்காருவது கொக்குக்கு ஆகாத காரியம். அக்காவின் சித்தி மகன், கட்டடக்கலை மாணவன். உடம்பில் பாதி கழுத்தாக வளர்ந்துவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் அவன் கொக்குதான். அந்தக் கழுத்துதான் இப்போது பிடித்துக்கொண்டிருந்தது. அட்டையில் ஒரு பாலம் செய்கிறேன் என்று வாரக்கணக்கில் மேசைமேல் கவிழ்ந்து கிடந்ததன் பலன், இடது பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் பீரோவை நகர்த்துவது போல முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருந்தது. அக்காவுக்கு மட்டும் அது கண்கொள்ளாக் காட்சி.

அவள் ஆஸ்டியோபதி இறுதியாண்டு மாணவி. மருந்து மாத்திரை இல்லாமல், கையாலேயே தசையையும் மூட்டையும் தளர்த்திவிடும் வைத்தியம் அது. கை அவ்வளவு மெத்தென்று இருப்பதால் வகுப்பில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். நாளைக் காலை செய்முறைத் தேர்வு. கழுத்துத் தசைவலியுள்ள ஒரு மாணவரைக் கூட்டிப் போய், தலை எவ்வளவு திரும்புகிறது என்று தேர்வாளர் முன்னால் அளந்து, சிகிச்சை கொடுத்து, மறுபடி அளந்து காட்ட வேண்டும். வலிக்கும் கழுத்து இல்லையென்றால் தேர்வும் இல்லை, அடுத்த பருவம்தான். ஒரு சிகிச்சை மையத்தில் அவளுக்கென்று வைத்திருக்கும் வேலை அதுவரை காத்திருக்காது.

வகுப்புத் தோழர்களைக் கேட்கலாமென்றால், ஒருவர் கழுத்தில் ஒருவர் பழகிப் பழகி அந்த வகுப்பில் ஒருவருக்காவது வலி என்பதே மிச்சமில்லை. அதனால் தேர்வு வந்துவிட்டால் பிடித்துக்கொண்ட கழுத்தைத் தேடி விடுதி விடுதியாக அலைவது அந்தக் கல்லூரி வழக்கம். பஞ்சுவுக்கு அந்த அலைச்சல் மிச்சம். மாத்திரை போடாதே, ஒத்தடம் கொடுக்காதே, யாரையும் பிடித்துவிடச் சொல்லாதே என்று கண்ணாடிக் குடுவையை ஒப்படைப்பது போலக் கொக்கின் கழுத்தைக் கொக்கிடமே ஒப்படைத்திருந்தாள். அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் பயிற்சி அறைக்கு வரச் சொன்னாள்.

“பாலம் விழுந்துருச்சுக்கா,” என்றான் கொக்கு திடீரென்று.

“எந்தப் பாலம்?”

“என் பாலம்தான். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போதே பொத்துன்னு. சார் கேக்கறாரு, ‘இதுல ஜனங்க நடக்கணுமா, நீந்தணுமா’ன்னு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“ஐயோ, வாடா இங்க. மல்லாந்து படு. முழுசாச் சொல்லு.”

அவன் சிகிச்சைக் கட்டிலில் படுத்தான். அவள் தலைமாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு, அவன் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டாள். ஆறுதலாகத்தான் ஏந்தினாள். பசை காயாத கதை, மூன்றாவது தூண் சாய்ந்த கதை, பின் வரிசைக்காரன் கைதட்டிய கதை எல்லாவற்றையும் அவள் காது கேட்டுக்கொண்டிருந்தது. விரல்கள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. அவை மண்டையோட்டின் அடிவிளிம்புக்குப் போய், தலையின் பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அசையாமல் காத்திருந்தன. அங்கே இறுகிக் கிடந்த தசை தேநீரில் நனைத்த பிஸ்கட் போல மெல்ல மெல்ல இளகியது. பிறகு ஒரு கை கன்னத்துக்கு வந்தது.

“அப்புறம் என்ன ஆச்சு? என் கையைத் தள்ளு, லேசா. சரி, விடு. மூச்சை விடு. அந்த சார் மறுபடி செஞ்சுட்டு வரச் சொன்னாரா இல்லையா?”

பாத்திரம் கழுவும்போது வாய் தானாகப் பாட்டை முணுமுணுக்குமே, அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒவ்வொரு விடலுக்கும் அவன் தலை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனது.

கதை முடிந்து கொக்கு எழுந்து உட்கார்ந்தான். அடுத்த அறையிலிருந்து துண்டு கேட்டு யாரோ கதவைத் தட்டினார்கள். கதவு இடது பக்கம்.

“யாரு?” என்று கொக்கு திரும்பிப் பார்த்தான்.

தலை மட்டும் திரும்பியது. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது.

“அக்கா, வலியைக் காணோம்.”

“காணோம்னா? எங்கடா போயிடும்? நல்லாத் தேடு!”

அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், இரண்டு தோளையும் தாடையால் தொட்டுப் பார்த்தான். “எங்கயும் இல்ல.”

“அடப்பாவி!”

“நானா பாவி? நீதானே உருட்டி உருட்டிப் பாத்த!”

வலியைத் திரும்ப வரவழைக்கச் சாயங்காலம் முழுவதும் பாடுபட்டார்கள். பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, செல்போனை மடியில் வைத்துக் கொக்கு கூனிக் குறுகி உட்கார்ந்தான். எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பஞ்சு பொறுக்க மாட்டாமல், “நிமிர்ந்து உக்காருடா, கழுத்து கெட்டுப்போயிடும்!” என்று கத்திவிட்டாள். அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

“இப்ப வயிறு வலிக்குதுக்கா. அது ஆகுமா?”

மறுநாள் காலை நடிப்பதாகச் சொல்லி வந்தான். தேர்வு அறை வாசலிலேயே “ஐயோ, அம்மா!” என்று வலது கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

“டேய், இடது பக்கம்டா.”

தேர்வாளரம்மா நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். கோணம் அளக்கும் கருவியை ஓரமாக வைத்துவிட்டு அவன் கழுத்தில் கை வைத்தார். அந்தக் கையிடம் பொய் சொல்ல முடியாது என்று பஞ்சுவுக்குத் தெரியும்.

“மேடம், இவனுக்கு நேத்தே சரியாயிருச்சு. நான்தான் பண்ணேன், தெரியாம.”

“தெரியாமலா?”

“பேசிக்கிட்டே இருந்தேன் மேடம். கை தானாப் போயிடுச்சு.”

அவர் கொக்கின் தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது. “நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா நான் பாக்கலியேம்மா. பாக்காததுக்கு எப்படி மார்க் போடறது? மதியம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். வேற கழுத்தோட வா.”

இருவரும் நூலகத்துக்கு ஓடினார்கள். அன்றைக்கென்று பார்த்து ஊரில் உள்ள மாணவர்களெல்லாம் ராஜகுமாரர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சு வரிசை வரிசையாகக் கழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். எல்லாம் தங்கமான கழுத்துகள், ஒன்றுக்கும் உதவாதவை.

ஜன்னலோரம் தடித்த சட்டப் புத்தகத்துடன் ஒரு பெண் இருந்தாள். பேனா உருண்டு அவளுடைய இடப்பக்கம் விழுந்தது. அவள் குனியவில்லை, திரும்பவும் இல்லை. எழுந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, முதுகு வளையாமல் முழங்காலை மடக்கிப் பேனாவை எடுத்தாள். உட்கார்ந்ததும் பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

“அக்கா, உன் ஆளு!”

“மெதுவாப் பேசு, பறந்துடப் போறாங்க.”

அருகில் போனபோது அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தினாள். “எனக்கு மதியம் பரீட்சை. என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்க.”

வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் பஞ்சுவின் வாய்க்கு வந்து சேரவில்லை.

“எனக்கும் இன்னைக்குப் பரீட்சைதாங்க,” என்றாள். “தப்பா நினைக்காதீங்க. உங்க கழுத்தைக் கொஞ்ச நேரம் எனக்குத் தருவீங்களா?”