எண்ணெய் குடித்த பிரேக்

அவிநாசிபாளையம் பிரிவில் வாழைப்பழ வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் தடுமாறி வந்து நின்றது அவருக்குத் தெரியாது. முன்பிரேக்கை விரல் வலிக்கப் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனது, பின்பிரேக்கோடு இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்து நிறுத்தியது எல்லாம் சண்முகப்பிரியாவுக்கு மட்டுமே தெரியும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் அந்த முதுகைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வீட்டில் சொல்லவில்லை. கணவன் அருள்குமார் கோபப்படமாட்டான், அதுதான் சிக்கல். "நாளைல இருந்து கம்பெனி வேன்ல போயிரு அம்மிணி" என்று மெதுவாகச் சொல்வான். மெதுவாகச் சொல்லப்படுவதை மறுக்க அவளுக்கு இன்னும் வாய் வந்ததில்லை. ராயபுரத்து வீட்டிலிருந்து, அவள் செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு ஸ்கூட்டரில் போகும் நேரம் ஒன்றுதான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம். ஹெல்மெட்டுக்குள் தனக்குத்தானே பேசிக்கொள்வாள், சில நாள் காரணமில்லாமல் அழுவாள், சில நாள் பாடுவாள். அதை இழந்துவிடுவோமோ என்ற பயம், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஏரியா முழுக்க மின்தடை. அவள் கம்பெனிக்கு லீவு. அருள்குமார் வேலை பார்க்கும், பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் ஜெனரேட்டர் உண்டு, அவன் போய்விட்டான். எதிர்வீட்டு நதியா தேனிப் பக்கத்துக்காரி, கம்பெனியில் இவளுக்கு அடுத்த மேசை. அவளிடம் மட்டும் சொன்னாள்.

"மெக்கானிக்கிட்ட விட வேண்டியதுதானடி?"

"எல்லாரும் அவருக்குத் தெரிஞ்சவங்கக்கா. டீ குடிக்கறதுக்குள்ள அவரு காதுக்குப் போயிரும்."

"அப்ப நாமளே கழட்டுவோம். எங்கண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குச் சோத்துத்தூக்கு தூக்கியே நான் பாதி மெக்கானிக்கு."

நதியா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு போல்ட்டைக் கழற்றி, டிஸ்க் பிரேக்கின் வட்டைக் கவ்வியிருந்த பாகத்தை வெளியே எடுத்தாள். "இப்ப மட்டும் லீவரைப் புடிச்சிராத. உள்ள இருக்கறது வெளிய பிதுங்கிரும்."

டிஸ்க் அழகாக இருந்தது. லேசான பழுப்போடு கண்ணாடி போல மின்னியது. குனிந்தால் முகம் தெரிந்தது. "இப்படி மினுங்குனா பிரேக் பிடிக்காதுடி" என்றாள் நதியா. இத்தனை பளபளப்பா கெடுதல் என்று நினைத்தவள், உடனே தன் வேலையை நினைத்துக்கொண்டாள். அயர்ன் அதிகம் பட்டு மினுங்கும் துணியைத் தினமும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிறவள் அவள்தானே.

நதியா பிரேக் கட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். "எண்ணெய் வாடை அடிக்குதேடி. யாரு இதுல எண்ணெயை விட்டது?"

பிரியா வாங்கி முகர்ந்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தினமும் தனியாக ஊறவைக்கும் அருள்குமாரின் சட்டையில் அடிக்கும் வாசனை. நீடில் ஆயில், பின்னல் மெஷின் ஊசிகளுக்கு விடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எழுவதற்கு முன்பே வண்டியைக் கழுவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து வைத்துவிடுவான். அவன் உலகத்தில் எண்ணெய் காணாத இரும்பு என்றால் ஊசி உடையும், துணியில் கோடு விழும். மழையில் நனைந்து துரு பூத்த வட்டையும் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறான். எண்ணெய் சூட்டில் வெந்து கண்ணாடியாக இறுகிவிட்டது. "இது அவரு பண்ணுனதுக்கா" என்றாள்.

"கொலைகாரன் கையும் எண்ணெயுமா மாட்டிக்கிட்டான்!" நதியா சிரித்தாள்.

பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, தூக்கக் கலக்கத்தோடு குத்தவைத்து உட்கார்ந்து அந்த வட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கும் அவன் முதுகு கண்ணில் வந்தது. "உன்மேல் ஆசை" என்று ஒருநாளும் சொன்னதில்லை அவன். அதை எண்ணெயால் சொல்லிச் சொல்லித்தான் இப்படி வழுக்க வைத்திருக்கிறானோ?

துணிக் கறை எடுக்கும் ஸ்ப்ரேயை அடித்து இருவரும் வட்டைத் துடைத்தார்கள். பிறகு உப்புத்தாளால் இருபுறமும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார்கள். மினுமினுப்பு மெல்லச் செத்து, சொரசொரப்பான சாம்பல் நிறம் வந்தது. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி துணி. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை.

"கட்டையையும் தேச்சிரலாமாக்கா?"

"அது எண்ணெயைக் குடிச்சிருச்சு. தேச்சாலும் கக்காது. புதுசு வாங்கிட்டு வா."

புதுக் கட்டையைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அருள்குமாரின் பைக் வாசலில் நின்றது. ஜெனரேட்டர் மக்கர் செய்ததாம்.

"ஏம் புள்ள, வண்டியப் பிரிச்சுப் போட்டுருக்க?"

"எங்கூட்டுல சோறு அடிப்பிடிச்சிருச்சு போல" என்று நதியா எழுந்து ஓடிவிட்டாள்.

பிரேக்கில் சத்தம் வந்தது, பார்த்தேன் என்று ஒரு பொய் போதும். ஆனால் வருகிற ஞாயிறும் அவன் எண்ணெயோடு உட்காருவான். பிரியா பழைய கட்டையை நீட்டினாள். "நேத்து பிரேக் புடிக்கலீங்க. ஒருத்தர் மேல போயி ஏத்தியிருப்பனுங்க."

அவன் முகர்ந்தான். கட்டையைப் புரட்டிப் பார்த்தான். "துரு ஏறியிருந்துச்சு… அதான்…"

"தெரியுமுங்க."

"உனக்கு ஏதாச்சும்…?"

"ஒண்ணுமில்லீங்க. முருகன் நிறுத்திட்டான்."

அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். "நாளைல இருந்து…"

"நான் வண்டியிலதானுங்க போவேன்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியம். அவன் நிமிர்ந்து பார்த்தான். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து ஸ்பேனரை எடுத்தான். "நவுரு. இதை முடுக்க உனக்குப் பலம் பத்தாது." முடுக்கினான். லீவரை அழுத்தி அழுத்திக் கெட்டியாகும்வரை பார்த்தான். "ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"மெதுவாப் போயி மெதுவாப் புடிடி!" மாடியிலிருந்து நதியா கத்தினாள். "புதுசு பழகற வரைக்கும் அப்படித்தான், கல்யாணம் மாதிரி!"

அவன் அவளுக்குப் பின்னால் உட்கார்வது இதுவே முதல்முறை. போனாள், பிடித்தாள், விட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் முன்னால் சரிந்து அவள் முதுகில் மோதினான். முதலில் பின்கம்பியைப் பிடித்திருந்தவன் பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். தெருக்கோடியில் வேகமாகப் போய் அழுத்தினாள். வண்டி இழுத்துப்பிடித்தாற்போல நின்றது.

"நின்னுருச்சு" என்றான், கோயில் வாசலில் பேசுகிற குரலில். பிறகு இறங்கினான். "நீ ஒரு ரவுண்டு போயிட்டு வா. நான் நடந்து போய்க்கறேன்."

அவள் தனியாகக் கிளம்பினாள். கண் நிறைந்தது. எண்ணெய் தடவிய கைக்கும், அதைக் கழுவிய கைக்கும், இறங்கிக்கொண்ட மனசுக்கும் எப்படித் தனித்தனியாக நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வளைவில் பிரேக்கைத் தொட்டாள். பிடித்தது. விட்டுவிட்டு, மெயின்ரோட்டுக்குத் திரும்பினாள்.