உள்வரிசையில் செத்தவை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை சாவை எண்ணுவது. எலியின் நுரையீரலை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கொடுப்பார்கள். செத்த செல் பழுப்பாகத் தெரியும். எது மருந்து கொடுத்த எலி என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்துவிடும்.

அக்காவுக்கு நுரையீரலில் உயர் ரத்த அழுத்தம். விளையாட்டு டீச்சராக இருந்தவள், இப்போது எட்டுப் படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். இந்த நோயில் முதலில் ரத்தக்குழாயின் உள்வரிசைச் செல்கள் சாகின்றன. பிறகு, சாக வேண்டிய செல்கள் சாகாமல் பெருகி, குழாயின் சுவரைத் தடிக்க வைத்து அடைக்கின்றன. அந்தப் பிடிவாதக்காரர்களைக் கொல்லத்தான் எங்கள் மருந்து. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் பட்டியலில் முதல் பேர் அக்காவுடையது.

நான் எண்ணி முடித்ததும், எது மருந்து கொடுத்த எலி என்று எழுதி ஒட்டியிருந்த உறையைப் புரொபசர் பிரித்தார். மருந்து பிடிவாதக்காரர்களைத் தீர்த்துக் கட்டியிருந்தது. உள்வரிசையின் நல்ல செல்களையும் விட்டுவைக்கவில்லை; நூற்றுக்கு நாற்பது காலி.

"உள்வரிசையை விட்டுடும்மா. தடிச்ச சுவரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா மனுஷங்களுக்குக் கொடுக்க விட மாட்டாங்க. உங்க அக்காவுக்காகத்தான் சொல்றேன்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைக் காட்டியா என் வாயை அடைப்பது?

"ரெண்டையும் எழுதினாத்தான் சார் கையெழுத்து," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் ஒன்று விடாமல் சொன்னேன்.

"எனக்கு வேற மருந்து இருக்காடி?" என்று அக்கா கத்தினாள். கத்தியதற்கே மூச்சு வாங்கியது. இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பிறகு, "நாப்பதா?" என்றாள்.

"நாப்பது."

"அவருக்குப் போனைப் போடு."

புரொபசர் எடுத்தார்.

"சார், லிஸ்ட்ல முதல் ஆள் பேசறேன்." நிறுத்தி மூச்சு இழுத்தாள். "என் தங்கச்சி எண்ணினதை அப்படியே போடுங்க." மறுபடி மூச்சு. "லிஸ்ட்ல இருக்கிற மத்தவங்களும் ஆஸ்பத்திரி பெஞ்சுல என்கூடத்தான் உக்கார்றாங்க, எல்லாரையும் எனக்குத் தெரியும். மறைச்சீங்கன்னா ஒருத்தர் விடாம சொல்லுவேன்."

அவர் என்னவோ இழுத்தார்.

"முதல்ல மருந்தைத் திருத்துங்க சார். அதுவரைக்கும் நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்," என்று வைத்துவிட்டாள்.

பெருமையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"எவ்வளவு சீக்கிரம்டி திருத்துவீங்க?"