பதினோரு தாள்கள்

ஊர் பிரிண்டருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக்கின் வீட்டுப் பிரிண்டர் மட்டும் சீக்காளியாகவே கிடந்தது. "கடையில போய் எடுத்துக்கவா?" என்று மனைவி கேட்டாள். "மெக்கானிக் பொண்டாட்டி கடையில பிரிண்ட் எடுத்தா ஊரே சிரிக்கும். நாளைக்குப் பார்க்கறேன்" என்றார். அந்த நாளை, அவள் கண்ணை மூடிய பிறகுதான் வந்தது. ஒரு ரப்பர் உருளை. பத்து நிமிட வேலை.

அவளுடைய பழைய கம்ப்யூட்டரும் போன வாரம் படுத்துவிட்டது. மகள் அதிலிருந்ததை அப்படியே எடுத்துத் தன் லேப்டாப்புக்குள் ஓட வைத்தாள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர். திரையில் அதே பூனைப் படம். அம்மாவின் கடிதங்களை அச்செடுக்க, அதைப் பிரிண்டரோடு இணைத்தாள்.

இணைத்ததுதான் தாமதம், பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது.

"அப்பா, நான் இன்னும் எதுவுமே குடுக்கலையே!"

அவருக்குப் புரிந்துவிட்டது. மனைவி அந்நாளில் அச்சுக்குக் கொடுத்ததெல்லாம் உள்ளே வரிசையில் காத்துக் கிடந்திருக்கிறது. முதல் தாளை எடுத்தார். பள்ளி நூலகர் வேலைக்கு அவள் நிரப்பிய விண்ணப்பப் படிவம். அடுத்ததும் அதுவே. மூலையில் தேதி மட்டும் மாறிக்கொண்டு வந்தது.

"ஒரே தாள்தான்பா திரும்பத் திரும்ப வருது. நிறுத்திடவா?"

"வேண்டாம்மா. வரட்டும்."

பதினோராவது தாளோடு பிரிண்டர் ஓய்ந்தது. அதன் மூலையில் கடைசித் தேதி, மாலை நாலு ஐம்பது. அன்றே ஐந்து மணியோடு கெடு முடிவதாகப் படிவத்தின் கீழே போட்டிருந்தது.

அன்று வேலை முடிந்து வந்தவர், "அந்த லைப்ரரி வேலை என்னாச்சு?" என்று கேட்டிருந்தார். காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அவள் சிரித்தாள்.

"எனக்கே இஷ்டமில்லைங்க. விட்டுட்டேன்."