எருமையின் விழிப்பு, இருபது நிமிடம்

மிருகத்துக்கு மயக்கம் கொடுக்கும்போது அதன் விழிப்பை யாராவது ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பணியிடம் உண்டு. மூன்று வருடமாக நான் அதற்குத்தான் முயன்றுகொண்டிருந்தேன்.

தேர்வில் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை ஒரு ராஜபாளையம் நாய். விழிப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் என்னிடமே தங்கிவிட்டது. அதன் பிறகு நாய் தன் வீட்டுக்காரரை யாரோ எவரோ என்று பார்க்கிறது. அவரைத் தெருவில் கண்டால் எனக்குத்தான் மனசு துள்ளுகிறது. இரண்டாம் முறை ஓர் ஆடு. அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. மொத்தம் மூன்று வாய்ப்புதான். சோற்றில் கை வைத்தாலும் எனக்கு அதே நினைப்பு. வேலை கிடைக்காவிட்டால் செத்தே போவேன் என்றிருந்தேன்.

மூன்றாம் முறை இசக்கியம்மாளின் எருமை. தீவனத்தோடு கம்பியை விழுங்கியிருந்தது. தேர்வாளர் டாக்டர் ஜெபராணி என்னைத் தராசில் நிறுத்தி எடையைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல ஒரு தாளை நீட்டினார். மனதில் இருக்கும் நம் சொந்தச் சாமான்களை அதில் எழுதித் தர வேண்டும். எழுதாதது எல்லாம் மிருகத்துடையது. அம்மாவின் போன் நம்பர், பல்லி பயம், பெரியப்பாவோடு உள்ள சண்டை என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். வேலை ஆசையை மட்டும் எழுதவில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

இருபது நிமிடம் எருமையின் விழிப்பு என்னிடம் இருந்தது. உலகத்தில் இவ்வளவு நிம்மதி இருப்பதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கம்பியை எடுத்தார்கள், தையல் போட்டார்கள். திருப்பிக் கொடுத்தேன். எருமை எழுந்து தலையை உதறியது. மிருகத்துடையது ஏதாவது தங்கியிருந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும் என்று மறுபடி தராசில் ஏறினேன். பழைய எடை அப்படியே இருந்தது. என்னிடமிருந்து போனதும் என்னிடம் தங்கியதும் சரிக்குச் சரி.

“பாஸ்,” என்றார் ஜெபராணி. “இன்னைக்கே சேர்ந்துடுறீங்களா? வெளிய ஒரு கழுதை காத்திருக்கு.”

 என் வாய் எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தது. எருமைதான் வந்து மேசையருகே நின்றது. அதன் கண்ணில் இருந்த தவிப்பு எனக்குத் தெரிந்ததுதான். மூன்று வருடம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

ஜெபராணி தாளை எடுத்துப் படித்தார். “வேலை ஆசைன்னு நீங்க எழுதவே இல்லையே.”

“எழுதல மேடம்.”

“அப்ப அது எருமையோடதுதான்.” வேலை உத்தரவில் என் பெயரை அடித்துவிட்டு இசக்கியம்மாளைப் பார்த்தார். “எருமை பேரு என்னம்மா?”

“பூரணி.”

“இனிஷியல்?”

“எங்க வீட்டுக்காரரு பேரையே போடுங்க. சங்கரபாண்டி.”

நான் அழ வேண்டிய நேரம் அது. தேடிப் பார்த்தேன். அழுகையும் ஆசையோடு சேர்ந்து போயிருந்தது.

பொழுது சாயும்போது என் கால்கள் தாமாக இசக்கியம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பின. அவள் வெறும் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, “மெதுவா வாங்க சார், பள்ளம் கிடக்கு,” என்றாள்.

தொழுவத்தில் கன்று கத்திக்கொண்டிருந்தது.

“கத்தாதல,” என்றாள் இசக்கியம்மாள். “அம்மைக்கு வேலை கிடைச்சிருக்கு.”

கன்று கத்துவதை நிறுத்தியது. என் கையை முகர்ந்து பார்த்தது. பிறகு என் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது.