அறக்கொட்டி விழுந்த வரவை

சோதனைச் சாவடியில் போத்தலை மோந்து பார்த்த ஆமிக்காரன் இது என்னவென்று கேட்டான். தலைக்கு வைக்கிற எண்ணெய் என்றாள் அன்னப்பூரணி. அப்படியானால் வைத்துக் காட்டு என்றான். கொஞ்சம் ஊற்றித் தலையில் தேய்த்தாள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவளே உருவாக்கிய மருந்து அது. படை வந்து கட்டடங்களை எடுத்துக்கொண்டதால் இனிச் செய்ய இடமில்லை. இருப்பது இந்தப் போத்தல்தான்.

அது பூச்சியை உடனே கொல்லாது. குஞ்சுப் பருவத்தில் பூச்சிக்குள் ஊறும் ஓமோன் என்ற சுரப்பைப் போலவே செய்த போலி அது. அது உள்ளே இருக்கும்வரை பூச்சி சிறகு முளைத்துப் பெரிதாகாது, முட்டையும் இடாது. வெயிலில் சிதையாதபடி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தே வருடங்கள் போய்விட்டன. வயலில் பலித்தால்தான் அத்தனைக்கும் அர்த்தம்.

உன்னிச்சையில் மச்சான் கதிர்காமத்தம்பியின் வயலில், வரம்பு கட்டிப் பிரித்த ஒரு வரவையில் மட்டும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்து நெல்லின் அடியில் சாறு குடித்துக்கொண்டிருந்தது. அந்த வரவையைச் சோதனைக்குத் தர அவர் சம்மதித்தார்.

"பூச்சியையும் உன்னப்போலக் குமராவே வெச்சிருக்கப் போறாயாகா?" என்று பகடி பண்ணினார். கல்யாணம் கட்டாத அவளுக்கும் சிரிப்பு வந்தது.

போத்தலில் இருந்தது முழுவதையும் அந்த வரவைக்கே அடித்தாள். மருந்தடித்த பிறகும் பூச்சி ஊர்ந்து திரியும், பயந்து நஞ்சடிக்கக் கூடாது, சிலந்திகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். நஞ்சைத் தொடமாட்டேன் என்று கண்ணகை அம்மன்மேல் ஆணையிட்டார்.

அடுத்த கிழமை வந்தபோது வரவையில் ஒரு பூச்சியும் இல்லை. மருந்து நன்றாகக் கேட்டுவிட்டது என்று வரம்பில் நின்று புகழ்ந்தார். அவள் பூரித்துப் போய்க் குனிந்தாள். தண்ணீரில் சிலந்திகள் கால் மடங்கிச் செத்து மிதந்தன. அவளுடைய மருந்து சிலந்தியைத் தொடாது.

"அம்மனாணை எண்டீங்களே, மச்சான்?"

"நான் தொடல்லகா. பத்தினிப்பிள்ளதான் அடிச்சா." மனைவியின் பெயரை அவர் கூசாமல் சொன்னார். "உசிரோட திரியிறதப் பாத்துக்கிட்டு எப்பிடி இரிக்கிற? நீ உன்ர மருந்துதான் கேட்டது எண்டு எழுதன். ஆர் கேக்கப் போறா?"

அவள் ஒரு நெல்லின் அடித்தண்டைக் கீறினாள். உள்ளே அறக்கொட்டியின் முட்டைகள் வரிசையாக, நஞ்சு படாமல் இருந்தன. பொரித்து வந்தால் தின்னச் சிலந்தி இல்லை. தண்டை அவர் கையில் வைத்தாள்.

அவர் முகம் மாறியது. "அப்ப இன்னொரு போத்தல் கொண்டுவாவன், மச்சாள்."

"என்ர தலையில தேச்சதுதான் மிச்சம்" என்றாள் அன்னப்பூரணி. வரம்பில் ஏறித் திரும்பிப் பாராமல் நடந்தாள்.