அண்ணன் என்ற கட்டணம்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் என் தம்பி வரதராசு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்றடி முடுக்குக்காக என்மேல் வழக்குப் போட்டான். வழக்குப் போட்டதை அநியாயம் என்று நான் சொல்லவில்லை. முடுக்கில் நான் செங்கல் அடுக்கியது உண்மைதான். ஆனால் கோர்ட் கட்டணமாக அவன் 'அண்ணன்' என்ற சொல்லைக் கட்டினான். அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் கட்டணம் ஒரு சொல். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, குமாஸ்தா நீட்டும் தகர டப்பாவுக்குள் அந்தச் சொல்லை ஒரு தடவை தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் மூடியை அழுத்தி, அரக்கு வைத்து, ரசீது எழுதிக் கொடுப்பார். வழக்கு முடிகிறவரை அந்தச் சொல் கட்டியவர் வாயில் வராது. அதற்குச் சொந்தபந்தமான சொற்களும் கூடவே டப்பாவுக்குள் போய்விடும். வாயில் அந்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காகக் கோர்ட் தன் பாஷையிலிருந்து ஒன்றை இரவல் கொடுக்கும்.

விவரம் தெரிந்தவர்கள் 'ஒட்டகம்' என்று கட்டுவார்கள். எங்கள் பக்கம் ஒட்டகம் கிடையாது, அதனால் நஷ்டமும் கிடையாது. கோர்ட் அலமாரியில் நானூறு ஒட்டகமாவது இருக்கும். வரதராசுவின் வக்கீலும் அவனிடம் ஒட்டகம் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று காலையில் என் செங்கலில் இடித்து அவன் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலில் போய் நின்றவன், டப்பாவைப் பார்த்ததும் 'அண்ணன்' என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் என் வீட்டு வாசலில் நின்று என் மனைவி அலமேலுவிடம் கேட்டான்.

"உள்ள பிரதிவாதி இருக்காரா?"

"குளிச்சிட்டிருக்காரு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. பிரதிவாதியோட டவுசர் காத்துல பறந்து நம்ம மாடியில கெடக்கு."

நான் குளியலறைக்குள் இருந்தேன். ஐம்பது வருடம் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டவன். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஈரத்தோடு நின்றேன்.

பதில் மனு போட நானும் ஒரு சொல் கட்ட வேண்டும். எனக்காக ஆஜரானவர் வக்கீல் மனோன்மணி அம்மா. நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன், ஐந்தாவதுவரை படித்தவன் என்பதால் எதையும் இரண்டு தடவை சொல்லுவார்.

"ஐயா, ஒட்டகம்னு சொல்லுங்க. ஒட்டகம்."

"ஊர்ல எல்லாரும் கட்டினதை நான் கட்டமாட்டேன். 'சரி'யைக் கட்டுறேன்."

"அது வேணுமே ஐயா. தெனமும் வேணுமே."

"இனிமே அவன்கிட்ட அது எனக்கு எதுக்கு?"

டப்பாவுக்குள் 'சரி' என்று சொன்னேன். கூடவே 'ஆமாம்', 'ஆகட்டும்' எல்லாம் போயின. தலையாட்டுவதும் அதே இனம் என்று கழுத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகக் கோர்ட் கொடுத்த வாக்கியம் இது: 'குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை நீங்கலாக மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன.'

அன்று மத்தியானம் அலமேலு கரண்டியோடு வந்து, "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை நீங்கலாக மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன," என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊற்றினாள். அவளும் ஐந்தாவதுதான். ஒரு வாரத்தில் அந்தப் பாஷை அவளுக்குப் பழகிவிட்டது. நான் 'நீங்கலாக' என்ற இடத்தில் மூச்சு விட்டால் வேண்டும் என்று அர்த்தம், விடாவிட்டால் போதும் என்று அர்த்தம் என்றாள். எனக்கே அது தெரியாது. பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இந்த மூச்சுக் கணக்குப் பிடிபடவில்லை. "நாளைக்கு மோட்டார் கெடைச்சிருமா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொன்னதும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள்.

ஏழாவது வருடம் வரதராசுவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு அவனே வந்தான். அலமேலு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு, "பிரதிவாதிதான் முன்னால நின்னு நடத்தித் தரணும்," என்றான்.

எனக்கும் அதுதான் ஆசை. அந்தப் பெண்ணுக்குக் காது குத்தும்போது நான்தான் மடியில் வைத்திருந்தேன். என்னிடம் இருந்த வாக்கியத்தை, என்னால் முடிந்த அளவு அன்போடு சொன்னேன்.

அவன் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு திரும்பிப் போனான். வக்கீலிடம் போய் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறான். குறிப்பாக எதையும் ஒப்புக்கொள்ளாததால் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார் என்று அவர் சொல்லியிருக்கிறார். சட்டப்படி அதுதான் சரி. கல்யாணத்தன்று கரைவேட்டி கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து மேளச் சத்தம் கேட்டேன். கெட்டிமேளம் கொட்டும்போது அட்சதையைச் சுவரில் போட்டேன்.

அதற்குப் பிறகு முடுக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை. செங்கலை நானே எடுத்துவிட்டேன். முடுக்கை அவனே வைத்துக்கொள்ளட்டும். டப்பா திறக்க வேண்டும், அவன் என்னை ஒரு தடவை 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தீர்ப்பு.

பதினோராவது வருடம் புதிதாக வந்த நீதிபதி எங்கள் இருவரையும் சமரசத்துக்குக் கூப்பிட்டார். முடுக்கு இரண்டு பேருக்கும் பொது. சமரசமாகப் போனால் கட்டிய சொற்கள் அன்றைக்கே திரும்பக் கிடைக்கும். இருவரும் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வரதராசு உடனே, "சம்மதம் ஐயா," என்றான்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

"குறிப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டவை நீங்கலாக மற்ற அனைத்தும் மறுக்கப்படுகின்றன."

"மறுக்கிறார்," என்று எழுதினார். அந்தப் பாஷை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் 'நீங்கலாக' என்ற இடத்தில் நெஞ்சு விரிய மூச்சு விட்டேன். மூன்று தடவையும் மறுக்கிறார் என்றே எழுதினார்.

பின்வரிசையில் இருந்து அலமேலு எழுந்தாள். "ஐயா, அவரு ரசம் வேணும்னு சொல்ற மாதிரிதான் சொல்றாரு."

"அம்மா, நீங்க இந்த வழக்குல கட்சிக்காரர் இல்ல."

"கட்சி இல்லீங்க. எனக்கு இந்தப் பாஷை தெரியும்."

நீதிபதி யோசித்தார். மொழிபெயர்ப்பாளராக வரலாம், அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டு என்றார். அலமேலு ஜன்னலுக்குப் போனாள். குமாஸ்தா நவநீதன் டப்பாவை நீட்டினார்.

"ஒட்டகம்," என்றாள்.

"ஒட்டகம் வாங்கறத திங்கட்கிழமையோட நிறுத்திட்டோம்மா. அலமாரியில எடமில்ல. வேற சொல்லுங்க."

அலமேலு கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு டப்பாவை வாயருகே இழுத்து, யாருக்கும் கேட்காதபடி என் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கும் கேட்கவில்லை. நவநீதன் டப்பாவை அசைத்துப் பார்த்தார்.

"புதுசா இருக்கே."

"எடுத்து வச்சிருந்தேன்," என்றாள்.

புழங்காத சொல்லுக்கு இரவல் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தார். மொழிபெயர்ப்புக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்றும் சொன்னார்.

நீதிபதி நான்காவது தடவை கேட்டார். நான் சொன்னேன். அலமேலு, "சரிங்கிறாரு," என்றாள். நீதிபதி எழுதினார். வழக்கு முடிந்தது.

திரும்ப வாங்கும் ஜன்னலில் நான் ரசீதைக் கொடுத்தேன். என் டப்பா வந்தது. மூடியைத் திறந்து வாயருகே பிடித்ததும் 'சரி' உள்ளே போனது. கொஞ்சம் துருவாசனை அடித்தது. மற்றபடி பழுதில்லை.

வரதராசு எல்லாப் பையிலும் கையை விட்டான். ரசீது சட்டைப்பையில் இருந்திருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் சட்டையைத் துவைத்துவிட்டார்கள்.

"ரசீது இல்லைன்னா எண் தெரியாது," என்றார் நவநீதன்.

"எந்தச் சொல்லுன்னு தெரியுமே சார். இவரே நிக்கிறாரே," என்று என்னைக் காட்டினான்.

"டப்பாவுக்கு வெளியில ஆள் யாருன்னு எழுதறதில்ல. ரசீது தொலைச்சவங்களுக்கு எது அதிகமா இருப்பு இருக்கோ அதைத்தான் குடுக்கணும். அது விதி."

அலமாரியில் எது அதிகம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவைத் திறந்து கொடுத்தார். வரதராசு கையெழுத்துப் போட்டான். பதினோரு வருடத்துக்குப் பிறகு என் தோளில் கையை வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"வீட்டுக்குப் போவோமா, ஒட்டகமே," என்றான்.

"சரி," என்றேன்.

மறுநாளே மாற்றித் தரச் சொல்லி மனுப் போடலாம் என்று போனோம். மனுவுக்குக் கட்டணம் ஒரு சொல், அதையும் ரசீதைத் தொலைத்தவனே கட்ட வேண்டும். ஒட்டகத்தையே கட்டிவிடுகிறேன் என்றான் வரதராசு. ஒட்டகம் வாங்குவதில்லை என்று நவநீதன் மறுபடியும் சொன்னார். "வேற எதையாவது கட்டுடா," என்றேன். "இனிமே ஒரு சொல்லும் தரமாட்டேன் ஒட்டகமே, பட்டது போதும்," என்றான். திரும்பி வந்துவிட்டோம். அவன் ரசீதைத் துவைத்தது, என் கணக்கில் இரண்டாவது அநியாயம்.

இப்போது முடுக்கு காலியாக இருக்கிறது. அவன் தன் வீட்டு ஜன்னலில் நின்று தினமும் என்னைக் கூப்பிடுகிறான். காலையில் பேப்பர் படிக்க, சாயங்காலம் காப்பிக்கு. "ஒட்டகமே, ஏ ஒட்டகமே," என்று விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்துக் கூப்பிடுகிறான். நான் போகிறேன். அவன் வேறு எப்படிக் கூப்பிடுவான்?

போன வியாழக்கிழமை அவன் கூப்பிட்டபோது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் முடுக்கில் ஒரு ஒட்டகம் நின்றது. தெருப்பக்கமாக வந்திருக்கிறது. இரண்டு சுவரையும் உரசாமல், மூன்றடிக்குள் சரியாக நின்றது. வரதராசு அதைப் பார்த்தான். அலமேலு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு, அவன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, என்ன என்பதுபோல் நின்றது.

அவன் அதைத்தான் கூப்பிட்டான், அது வந்துவிட்டது. என்னை அவன் இன்னும் கூப்பிடவில்லை.