தலையில் நட்ட நாற்று

விக்கிரமங்கலம் வேணுகோபாலின் மகளுக்குக் குரும்பலூரிலிருந்து வந்த சம்பந்தம் ஏறக்குறைய முடிவான பிறகு, ஒரு முழம் கதம்பத்தால் தடைபட்டு நின்றது.

1947ஆம் ஆண்டு தை மாதம் அது. மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படும் நேரம். மாப்பிள்ளையின் தாய் சம்பூர்ணம் குங்குமம் கொடுத்தாள். பூவைக் கையில் கொடுத்திருந்தால் ஒன்றும் நடந்திராது. பிரியத்தினால் அதைத் தானே பெண்ணின் தாய் கிருஷ்ணம்மாளின் கொண்டையில் செருகினாள். சரியாக நிற்கவில்லையே என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள். பூவோடு, கொண்டைக்குள் வைத்திருந்த சவுரிமுடியும் சேர்ந்து அவள் கைக்கு வந்துவிட்டது.

சம்பூர்ணம் அதைக் கீழே போடவுமில்லை; திருப்பிக் கொடுக்கவுமில்லை. அவள் பார்வை கிருஷ்ணம்மாளின் தலையில் நின்றது. நெற்றி விளிம்பிலிருந்து உச்சிவரை வகிடு இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. அதன் இருபுறமும் இருந்த முடியில் தோல் மறையவில்லை.

“காய்ச்சல்ல போனதுங்க. மூணு வருசத்துக்கு முந்தி விஷக்காய்ச்சல் கண்டுச்சு,” என்றாள் கிருஷ்ணம்மாள்.

“காய்ச்சல்ல போற முடி ஆறு மாசத்துல வந்துருமே, சம்பந்தி,” என்றாள் சம்பூர்ணம். குரலில் கடுமை இல்லை. “எந் தங்கச்சிக்கு அப்படித்தான் வந்துச்சு. இது வழிவழியா வர்றதா இருந்தா நாளைக்கு ஒங்க பொண்ணுக்கும் இதானே? நாலு பேரு கூடுற எடத்துல எம் மருமவ தலையை மூடிக்கிட்டு நிக்கணுமா, சொல்லுங்க.”

அவள் ஒரு தவணை சொன்னாள். ஆனி மாதத்துக்குள் கிருஷ்ணம்மாளின் தலையில் முடி திரும்பத் தொடங்கினால் காய்ச்சல் என்பதை நம்பிக்கொள்வாள். பெண்ணுக்குப் பூ வைக்க வருவாள். இல்லாவிட்டால் இரு வீட்டாரும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் அநியாயம் என்று சொல்ல எதுவும் இல்லாததால் வேணுகோபால் தலையசைத்துவிட்டு வந்தார்.

மகள் ஜெகதாம்பாளுக்குப் பதினாறு வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. அன்றுவரை தன் தலைமுடியைப் பற்றி அவள் நினைத்ததே கிடையாது. ஒரு வாரம் கழித்து, வாரி முடித்த சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பற்களில் சிக்கிய இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று அதைப் பார்த்த தாய், காலடி ஓசை கேட்காமல் திரும்பிப் போனாள்.

கரிசலாங்கண்ணித் தைலமும் செம்பருத்தியும் வெங்காயச் சாறும் மூன்று ஆண்டுகளாகத் தேய்த்துத் தீர்ந்தவை. புதிய வழி ஒன்று இருப்பதாகச் சொன்னவள் ஆண்டாயி. அவர்கள் வயலில் நடவுக்கும் களைக்கும் வருபவள். அவள் கணவர் அரியமுத்து மலேயாவில் ஒரு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்து, யுத்தம் முடிந்து திரும்பியவர்.

“அங்க ஒரு சப்பான் டாக்டரு பொடனி முடியை வேரோட பேத்து முன்னந்தலையில நடுவாராம்மா. நாத்து நடுற மாதிரியேதானாம். எங்க வூட்டுக்காரருதான் கூட நின்னு செய்வாராம்,” என்றாள் ஆண்டாயி.

கிருஷ்ணம்மாள் சிரித்துவிட்டாள். மறுநாள், அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

கதை உண்மைதான். தீயில் வெந்து முடியிழந்த தலைகளில் அந்த மருத்துவர் முடி நட்டதை அரியமுத்து மூன்று ஆண்டுகள் அருகில் நின்று பார்த்திருந்தார். பிற்பாடு அவரே செய்யவும் பழகியிருந்தார். உளுந்தின் அளவு வாயுள்ள சிறிய குழல்கத்தி ஒன்று அவருடைய தகரப்பெட்டியில், வெள்ளைக் கோட்டின் மடிப்புக்குள் இருந்தது. ஊரில் அந்தக் கோட்டுக்கு வேலையில்லை. அரியலூரில் தனியாக மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் சிவசுப்பிரமணியனிடம் நான்கு முறை வேலை கேட்டுப் போயிருந்தார். நான்கு முறையும் பார்க்கலாம் என்ற பதில்தான் கிடைத்தது.

இந்த முறை, கிருஷ்ணம்மாளின் தலையில் முடி நடலாம் என்று கேட்டதும் டாக்டருக்கே ஆவல் பிறந்தது. அறுபதைக் கடந்த அவர், கற்றுக்கொள்ளும் ஆசை தீராத மனிதர். இது பலித்தால் டிரஸ்ஸர் வேலை அரியமுத்துவுக்கே என்று வாக்களித்தார். கத்தியைப் பிடிக்கப்போவது டாக்டர் என்றுதான் வேணுகோபாலுக்குச் சொல்லப்பட்டது. அரியமுத்து தட்டேந்தி நிற்பான் என்பதற்கே அவர் சற்று முகம் சுளித்தார்.

மாசி மாதத்து முற்பகல் ஒன்றில் கிருஷ்ணம்மாள் டாக்டர் வீட்டு மேசைமேல் குப்புறப் படுத்தாள். வேணுகோபால் வெளி அறையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பின்னந்தலையில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, குழல்கத்தியை அழுத்தித் திருகினார். முதல் தோல்துண்டு நசுங்கியது. இரண்டாவதில் வேர் அறுந்தது. மூன்றாவதில் அவர் விரல்கள் வெளிப்படையாக நடுங்கின. அரியமுத்து தட்டைப் பிடித்தபடி இரண்டு கை தூரம் தள்ளி நின்றார். அந்த வீட்டாருக்கு முன்னால் அவர் எப்போதும் நிற்கும் தூரம் அது.

“டாக்டர், ஒங்களுக்குக் கை நடுங்குது. அவரையே செய்யச் சொல்லுங்க,” என்றாள் கிருஷ்ணம்மாள், தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமலே.

“ஆண்டே வெளிய ஒக்காந்திருக்காருங்கம்மா,” என்றார் அரியமுத்து.

“அவரு வெளியதானே இருக்காரு. எந் தலை இங்கல்ல இருக்கு.”

டாக்டர் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு கத்தியை நீட்டினார்.

அரியமுத்து அறுபத்திரண்டு துண்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து முடிகள் வேரோடு இருந்தன. அவள் மல்லாந்து படுத்தபின், முன்னந்தலையில் அதே அளவுக்குக் குழிகள் எடுத்து, முடி சாயவேண்டிய பக்கம் பார்த்து, வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாக நட்டார். பொழுது உச்சிக்கு வந்தபோது கட்டுப் போட்டு, கைகழுவி, மீண்டும் தட்டை ஏந்திக்கொண்டு பழைய தூரத்தில் போய் நின்றார். அதன் பிறகே கதவு திறந்தது.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது பொருக்குகளின் நடுவே முடி நின்றது. ஜெகதாம்பாள் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, வெட்கப்பட்டவளைப்போல் சிரித்தாள். பன்னிரண்டு நாள் அந்தச் சிரிப்பு வீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு முடி உதிரத் தொடங்கியது. முதலில் தலையணையில் நாலைந்து. அப்புறம் துணியால் துடைக்கும்போது கொத்தாக. பங்குனி பாதிக்குள் நட்டதெல்லாம் போய், அறுபத்திரண்டு சிறு தழும்புகள் மிஞ்சின. எடுத்த இடத்திலும் நட்ட இடத்திலும் இப்போது முடி இல்லை.

டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த புத்தகம் எதிலும் இதற்குப் பதில் இல்லை. கிருஷ்ணம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரியமுத்துவை அழைத்து, மலேயாவிலும் இப்படி உதிர்ந்ததா என்று கேட்டார்.

“தெரியாதுங்க. கட்டுப் பிரிச்சதும் அவங்கவங்க ஊருக்குப் போயிருவாங்க. ஒரு வருசம் கழிச்சு ரெண்டு பேரு வந்தாங்க, முடி நல்லா இருந்துச்சு. நடுவுல என்ன ஆச்சுன்னு நான் பாக்கலீங்க. நான் பாத்தது நடவு மட்டுந்தாங்க.”

டாக்டர் பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். பிறகு, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒரு கதை சொன்னார். ஒரு குருவி பாறை வெடிப்பில் அத்தி விதை ஒன்றைப் போட்டதாம். நான்கு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்ததாம். ஐந்தாம் நாள் அதற்குப் பசி வந்துவிட்டது, பறந்து போய்விட்டதாம்.

“அப்புறம் மொளைச்சுதுங்களா?”

“கதை அவ்வளவுதான் அரியமுத்து,” என்றார் டாக்டர். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. சித்திரையில் அரியமுத்து வேணுகோபாலிடமே வண்டியோட்டச் சேர்ந்தார்.

வேணுகோபால் மனிதர்மேல் வைத்த நம்பிக்கையை விட்டுவிட்டு அம்மனிடம் போனார். ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் சென்று, கற்பூரத்தின் முன் நின்று, ஆனிக்குள் மனைவியின் தலையில் முடி முளைத்தால் அந்தத் தலைமுடி முழுவதையும் அம்மனுக்கே இறக்குவதாக வேண்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது கிருஷ்ணம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த முறம் நின்றது. பேசியது பேசியதுதான், அம்மனிடம் திரும்பிப் போய் வார்த்தையை மாற்றிக் கேட்க முடியாது. முளைக்கவே போவதில்லை என்ற எண்ணத்தில், அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

முளைத்தது. வைகாசி கடைசியில் ஒருநாள் முகம் கழுவி, ஈரக்கையை மேலே தடவியபோது உள்ளங்கையில் ஏதோ குத்தியது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலுக்கு ஓடினாள். ஒவ்வொரு தழும்பிலிருந்தும் எறும்பின் கால்போன்ற கறுப்பு முனைகள் எட்டிப் பார்த்தன. ஆனி பிறந்து பத்து நாளில் அவை அரைவிரற்கடைக்கு வளர்ந்தன.

வேணுகோபால் கண்ணில் நீரோடு கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். வருகிற வெள்ளிக்கிழமையே முடி இறக்க வருவதாகவும், முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் குரும்பலூருக்கு ஆள் அனுப்பினார்.

“டாக்டருகிட்ட ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் எறக்குவோங்க. ஒரே ஒரு வாரம்,” என்று கிருஷ்ணம்மாள் கேட்டாள்.

“அவரு போட்டதுதான் உதுந்து போச்சே. இது அம்மா குடுத்தது. குடுத்தவகிட்டப் போயி வாரம் சொல்லுவியா? புள்ளைக்கு நல்லது நடக்கப்போற நேரத்துல?”

புள்ளைக்கு என்ற சொல்லுக்குப் பிறகு அவள் பயணத்துக்குத் துணி எடுத்து வைக்கப் போனாள்.

அரியமுத்து வண்டியோட்ட, மகளோடு மூவரும் வியாழன் அதிகாலையில் புறப்பட்டு, வழியில் பெரம்பலூரில் தங்கி, வெள்ளி காலை சிறுவாச்சூர் போய்ச் சேர்ந்தார்கள். கோயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் முடி இறக்கும் இடம். சம்பூர்ணம் முன்னரே வந்து காத்திருந்தாள். கிருஷ்ணம்மாளின் முன்னந்தலையை விரல்களால் நீவிப் பார்த்தாள். ஒரு முடியை நகத்தால் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அது வரவில்லை.

“மனசுல வச்சுக்காதீங்க, சம்பந்தி. புள்ளையப் பெத்தவ பயந்தேன்,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காரியம் முடிந்தது. ஜெகதாம்பாள் பெருமூச்சு விட்டாள்.

முடி இறக்கும் பூமாலை கத்தியைத் தீட்டிவிட்டுத் தலையில் தண்ணீர் தெளித்தார். நனைந்த முடி தோலோடு படிந்தது. அவர் கை நின்றது.

“நாப்பது வருசமா தலை பாக்குறேன். இப்படி ஒன்னப் பாத்ததில்லையே,” என்றார். “கயிறு புடிச்சு நாத்து நட்டாப்புல வரிசை வரிசையா நிக்குது. எந்தப் புண்ணியவான் வூட்டு நடவுங்க இது?”

சம்பூர்ணம் குனிந்து பார்த்தாள். அவள் புருவங்கள் நெருங்கின.

“அம்மன் போட்ட நடவுய்யா. நீ எறக்கு,” என்றார் வேணுகோபால்.

“அப்படியா சம்பந்தி?” என்று சம்பூர்ணம் கிருஷ்ணம்மாளையே கேட்டாள்.

பத்தடி தூரத்தில் அரியமுத்து மாடுகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். பூமாலையின் பேச்சில் அவர் கை ஓய்ந்திருந்தது. முடி உதிர்ந்த தலையைத்தான் அவர் கடைசியாகப் பார்த்திருந்தார். அதன்பின் முக்காடு போட்ட தலையைத்தான். இப்போது, ஈரத்தில் மின்னிய அந்த வரிசைகளைப் பார்த்தார். பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்போல் சட்டெனக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

நட்டவர் பெயரைச் சொன்னால் சம்பந்தம் போய்விடும். தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் எவர் கை தன் தலையைத் தொட்டது என்பது கணவருக்குத் தெரிந்துவிடும். அரியமுத்து அந்த ஊரில் இருக்க முடியாது. ஆண்டாயியும் இருக்க முடியாது. கிருஷ்ணம்மாள் இவ்வளவையும் ஒரு மூச்சில் நினைத்தாள்.

“ஆமாங்க. அம்மன்தான்,” என்றாள்.

கத்தி முன்னந்தலையிலிருந்தே தொடங்கியது. நட்டதும், நடாமல் மீந்து சவுரியைத் தாங்கிவந்த நீள முடியும் ஒன்றாக மடியில் விழுந்தன. பூமாலை சந்தனத்தைக் குழைத்து, தழும்பு தெரியாமல் தடவினார். சம்பூர்ணம் ஜெகதாம்பாளின் சடையில் மல்லிகையை வைத்தாள். மீதி ஒரு சாண் சரத்தைக் கிருஷ்ணம்மாளிடம் நீட்டியவள், வைக்க இடமில்லாததைக் கண்டு அவள் கையிலேயே கொடுத்தாள்.

திரும்பும்போது, வேணுகோபால் மகளோடு அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன சிறு பொழுதில், கிருஷ்ணம்மாள் வண்டியில் தனியாக இருந்தாள்.

“வேரு இருக்கும்ல?” என்று கேட்டாள்.

அரியமுத்து திரும்பவில்லை. “இருக்கணுங்கம்மா. சொல்லத் தெரியலீங்க. நடவு பாத்தவன், இன்னைக்குத்தான் அறுப்பப் பாத்தேன்.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கணவர் வந்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி அரியலூர்க் கடைத்தெருவில் நுழைந்தது. டாக்டர் வீட்டு வாசலில் நோயாளிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மேசையருகே அவர் குனிந்து ஏதோ எழுதுவது தெருவிலிருந்தே தெரிந்தது. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. கயிற்றைத் தளரவிட்டதை அரியமுத்து அறிந்திருக்கவில்லை போலும்.

“என்னங்க, டாக்டருக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருவோமே,” என்றாள் கிருஷ்ணம்மாள்.

“என்னன்னு சொல்லுவ? காட்டத்தான் என்ன இருக்கு?” என்று வேணுகோபால் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிறைந்த மனத்தோடு கேட்டார்.

அவள் கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். விரலில் காய்ந்த சந்தனம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

“ஓட்டுடா,” என்றார் வேணுகோபால்.

அரியமுத்து கயிற்றை இழுத்துப் பிடித்தார். மாடுகள் நடையை எட்டிப் போட்டன.